தலையாட்டி டம்ளர், நாற்பது பிரதிகள்

எங்கே கிளம்பிவிட்டாய் என்று தில்லைக்கரசியின் செருப்பு கேட்டது. பட்டறைக்கு என்றாள். நேற்று இடது காலைச் சற்று இழுத்து நடந்ததை மருத்துவமனைக்குத் தெரிவித்துவிட்டதாகச் சொன்னது செருப்பு. அவள் நன்றி சொல்லிவிட்டு நடந்தாள்.

செவ்வாயின் செம்பாறைக் குடியேற்றத்தில் ஒன்பதாயிரம் பேருக்கும் காலை இப்படித்தான் தொடங்கும். சீப்பு, தலையணை, ஊறுகாய் ஜாடி எல்லாம் கேட்கும், பேசும், கேட்டதைப் பதிவகத்துக்கு அனுப்பும். ஒவ்வொன்றின் உள்ளேயும் கடுகளவில், கறுப்பாக ஒரு செவிமணி இருந்தது. வைத்தே ஆகவேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. வைக்காமல் யாரும் எதையும் செய்ததில்லை என்பதால் சட்டத்துக்கு அவசியம் வரவில்லை.

தில்லைக்கரசி செய்தாள். அப்பா இறந்த அன்று அவள் தலையணையில் முகம் புதைத்து அழுதபோது, அது துக்கம் தணிய மூன்று மூச்சுப் பயிற்சிகளைச் சொல்லித் தந்தது. எழுந்து தண்ணீர் குடித்தால் டம்ளர் நான்காவதைச் சொன்னது. பேசாமல் பக்கத்தில் இருக்கிற ஒரு பொருள் வேண்டும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தோன்றியது.

அவள் வார்த்தது ஒரு டம்ளர். தஞ்சாவூர் பொம்மையைப் போல அடிப்பாகம் உருண்டு கனத்திருக்கும். மேசையில் வைத்தால் வணக்கம் சொல்வதுபோலத் தலையாட்டும். செவ்வாயின் மெல்லிய ஈர்ப்பில் அந்த ஆட்டம் அடங்க ஒன்றரை நிமிடம் ஆகும். நாற்பது பிரதிகள் மட்டும் வார்த்து, அடியில் எண் பொறித்து, அச்சை உடைத்துப் போட்டாள். குலுக்கலில் பெயர் வந்த நாற்பது வீடுகளுக்கு அவை போயின.

ஐந்தாம் நாள் எதிர்வீட்டு ரஹ்மத்நிஷா ஏழாம் எண் டம்ளரைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள்.

"கோச்சுக்காதீங்கக்கா. இது பேசவே மாட்டேங்குது."

"பேசாது நிஷா."

"சரி, நாம பேசுறதையாவது கேக்குமா?"

"கேக்காது."

ரஹ்மத்நிஷா டம்ளரை மேசையில் வைத்து இரண்டடி பின்வாங்கினாள். அது தலையாட்டியது. "கேக்காம, சொல்லாம, சும்மா ஆடிக்கிட்டே நிக்குது. மனசுல என்ன வச்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? எங்க வீட்டுக்காரரு இது இருக்குற ரூம்ல வாயே திறக்க மாட்டேங்குறாரு."

வாரம் முடிவதற்குள் முப்பத்தோரு டம்ளர்கள் திரும்பி வந்தன. கூடவே பதிவகத்தின் ஆய்வாளர் சவரிமுத்துவும் வந்தார். பன்னிரண்டாம் எண்ணை எடுத்துப் போய் ஊடுகதிரில் பார்த்தார், இரண்டாக அறுத்தார், பொடித்தார். மறுநாள் பொடியை ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லை" என்றார்.

"அதைத்தான் சார் நானும் முதல்லயே சொன்னேன்."

"ஒண்ணும் இல்லாத பொருளை எதுக்கும்மா ஒருத்தர் நாற்பது செய்யணும்? எதையாவது மறைச்சிருந்தாக்கூட எனக்குப் புரிஞ்சிருக்கும்." அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையான கவலை இருந்தது. "அடுத்த திங்களுக்குள்ள சரிபண்ணுங்க. இல்லேன்னா உங்க கலைஞர் அட்டையை ரத்து பண்ணி வடதுருவப் பனிச்சுரங்கத்துக்கு மாத்திடுவாங்க. அந்தக் காலோட அங்க உங்களால முடியாது."

நான்கு நாட்கள் தில்லைக்கரசி எதையும் செய்யவில்லை. ஐந்தாம் நாள் புதிதாக ஓர் அச்சு செய்து, மறுபடி நாற்பது வார்த்தாள். உருவில் மாற்றமில்லை. ஆனால் வார்ப்பு இறுகும் முன், ஒவ்வொன்றின் அடியிலும் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளியை அழுத்திப் பதித்தாள். சமையலறை டப்பாவிலிருந்து எடுத்த கடுகு.

திங்களன்று சவரிமுத்து ஒரு டம்ளரைத் தலைகீழாகத் திருப்பினார். அவர் கறுப்புப் புள்ளியைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். ஊடுகதிர்ப் பெட்டியைத் திறக்கவேயில்லை. கேட்கிற பொருளைச் சோதிக்கும் விதிமுறை பதிவகத்தில் கிடையாது.

"இவ்வளவுதானேம்மா! இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே" என்று முத்திரை குத்தினார். தனக்கும் ஒன்று வேண்டும் என்று முப்பத்தெட்டாம் எண்ணை வாங்கிக்கொண்டார்.

மற்றவை மீண்டும் வீடுகளுக்குப் போயின. இந்த முறை ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. ரஹ்மத்நிஷா வழியில் நிறுத்திப் பாராட்டினாள். "என்ன பொறுமைங்கக்கா அதுக்கு! குறுக்க பேசாம, தலையாட்டி தலையாட்டிக் கேக்குது. என் மாமியார் கதை முழுக்கச் சொல்லிட்டேன்."

தில்லைக்கரசி சிரித்துச் சமாளித்தாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துச் சவரிமுத்து சீருடை இல்லாமல் வந்தார். டம்ளரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"மத்த எதுக்கும் கேக்காம, இதுகிட்ட மட்டும் குசுகுசுன்னு நான் சில விஷயம் சொன்னேன். இதுவரைக்கும் வீட்ல எந்தப் பொருள்கிட்டயும் சொல்லாதது. பதிவகத்துல தேடிப் பாத்தேன், என் பேர்ல ஒரு வரிகூட வந்து சேரலை. அது யாருக்குப் போச்சு?"

சுரங்கம் அவள் கண்முன் வந்து போனது. ஆனாலும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல மனம் வரவில்லை. செருப்புக்குக் கேட்காதபடி அவர் காதோடு சொன்னாள்.

"யாருக்கும் போகலை சார். அது கடுகு. தாளிக்கிற கடுகு. உங்க ரகசியம் உங்ககிட்டயேதான் இருக்கு, பயப்படாதீங்க."

அவர் நிம்மதியடைவார், அல்லது கைதுசெய்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் முகமோ வாடிப்போனது.

"யாருக்குமே போகலையா? ஒருத்தர்கூடவா கேக்கலை?"

"இல்லை சார்."

"ரெண்டு மாசமா தினமும் சொன்னேனேம்மா..."

அவளுக்குப் பாவமாக இருந்தது. நாற்காலியை அவர் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள். "என்கிட்ட சொல்லுங்க சார். நான் கேக்குறேன்."

சவரிமுத்து சட்டென்று நிமிர்ந்தார். அவள் கண்களையும் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். அறுத்துப் பார்க்க டம்ளரை எடுத்துப் போன அன்று இருந்த அதே பார்வை.

"நீங்க எதுக்கும்மா அதைத் தெரிஞ்சுக்கணும்?"

டம்ளரை மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். கடுகைப் பற்றி யாரிடமும் சொல்லப்போவதில்லை என்றார். அதற்குப் பதிலாக முப்பத்தெட்டாம் எண்ணில் மட்டும் ஓர் உண்மையான செவிமணியைப் பொருத்தித் தரச் சொன்னார். ஆணையாக அல்ல, கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.