நீல விளக்கும் ஒற்றைக் குடையும்

பல் துலக்கியதும் மனவிளக்கைத் துடைப்பது ஆவுடையப்பனின் காலை வழக்கம். செவ்வாயின் பொருநைக் குடியேற்றத்தில் எல்லோருக்கும் கழுத்துக்குழிக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு விளக்கு பதித்திருக்கும். கோபம் வந்தால் சிவப்பு, பயத்துக்கு மஞ்சள், ஆசைக்கு நீலம். காற்றறைக் கதவருகே ஒருவர் பயத்தை மறைத்தால் ஊரே மூச்சுமுட்டிச் சாகும் என்பதால் முன்னோர் செய்த ஏற்பாடு. விளக்கை மூடக் கூடாது, அது சட்டம். அடுத்தவர் விளக்கைப் பார்க்கக் கூடாது; அது மரியாதை. பந்தியில் பக்கத்து இலையை வெறித்துப் பார்ப்பவனைக்கூட மன்னிப்பார்கள், பிறர் விளக்கைப் பார்ப்பவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். முகத்தைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் செருப்பைப் பார்ப்பார்கள். மனிதருக்கு நடுவில் உடம்பு என்று ஒன்று இருப்பதே அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பத்து வயதில்தான் தெரியவரும்.

பூமியிலிருந்து வந்த திரைப்படங்களில் கதிர்வீச்சுக்குத் தப்பியது ஒன்றே ஒன்று. கறுப்பு வெள்ளை. ஒரு தட்டச்சுப் பெண்ணும் அவளோடு வேலை பார்ப்பவனும் மழையில் ஒரே குடையில் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கிறார்கள். இரண்டரை மணி நேரமும் இதுதான். இருவருக்கும் ஆசை, இருவரும் மழையைப் பற்றியே பேசுகிறார்கள். கடைசியில் அவள் மாற்றலாகிப் பேருந்து ஏறுகிறாள். அவன் கொட்டும் மழையில் குடையை மடக்கிவிட்டு நிற்கிறான்.

ஆண்டுவிழாவில் இதைப் போடுவார்கள், ஊர் இரண்டாகும். மழையையே பார்த்திராத ஊர் என்பதால் குடைதான் வில்லன் என்று ஒரு கோஷ்டி கொஞ்ச காலம் செல்வாக்கோடு இருந்தது. அது ஒழிந்த பிறகு நிலைத்தவை இரண்டு: 'சொல்லியிருக்க வேண்டும்' கட்சி, 'சொல்லாததுதான் அழகு' கட்சி. இதனால் நிச்சயித்த கல்யாணங்கள் நின்றன. பாசிக்கூழ் வரிசையில் கரண்டிகள் பறந்தன. குடிநீர் நிலையம் கட்சிக்கு ஒரு குழாய் வைத்தது.

முதல் கட்சியின் தலைவர் ஆவுடையப்பன். பிராணவாயுக் கூடத்தில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். எதிர்க்கட்சிக்குத் தலைமை, கல்யாணமே செய்துகொள்ளாத வடிவு டீச்சர். படம் முடிந்ததும் தொடங்கும் சண்டை, சுரங்கப்பாதை வழியாக டீச்சரை வீட்டு வாசலில் விட்ட பிறகும் முடியாது. பதினோரு ஆண்டுகளாக இப்படித்தான். அந்த ஒருநாள் சண்டைக்காகவே ஆண்டு முழுவதும் வாதங்களைச் சேர்த்து வைப்பார் ஆவுடையப்பன். அப்போதெல்லாம் தன் விளக்கு நீலமாக எரிவது அவருக்கே தெரியும். டீச்சரின் ஓரக்கண்ணிலாவது பட்டிருக்கும். பட்டும் பேசவில்லை என்றால் விருப்பமில்லை என்றுதானே அர்த்தம்? டீச்சரின் விளக்கை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. மரியாதை தெரிந்த மனிதர்.

பன்னிரண்டாம் ஆண்டு, விழாவுக்கு முன்பே, வியாழனின் நிலவொன்றில் புதுப் பள்ளிக்கூடம் தொடங்க டீச்சருக்கு அழைப்பு வந்தது. போனால் இந்த ஜன்மத்தில் திரும்ப முடியாது. கப்பல் கதவு மூடும்வரை மறுக்கலாம். சொல்ல வேண்டியது ஒரே சொல்தான்: 'போகாதீங்க'. விளக்கைத் துடைத்தபடி கண்ணாடி முன் ஒத்திகை பார்த்துவிட்டு ஆவுடையப்பன் கப்பல்துறைக்குப் போனார்.

"படம் பாக்காமலே கிளம்புறீங்களே டீச்சர். தோத்துப்போவோம்னு பயமா?" இப்படித்தான் வாயில் வந்தது.

"பதினோரு தடவ பாத்தாச்சு சார். அந்த ஆளு மாறவா போறான்?"

"வாயத் தொறந்திருந்தா மாறியிருப்பான்."

டீச்சர் பெட்டியைக் கீழே வைத்தார். "சரி, தொறந்து என்ன சொல்லியிருக்கணும்? சொல்லுங்க, கேப்போம்."

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "போகாதேன்னு சொல்லியிருக்கணும்."

கப்பல் மணி அடித்தது.

"சொல்லியிருந்தா அவ இருந்திருப்பா சார்," என்றார் டீச்சர் மெதுவாக.

எதிர்க்கட்சி மொத்தமும் ஒரே வரியில் சரணடைந்ததை ஆவுடையப்பனால் நம்ப முடியவில்லை. "அப்ப நான் சொன்னதுதானே சரி?"

டீச்சர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமா சார். நீங்கதான் ஜெயிச்சீங்க." பெட்டியை எடுத்துக்கொண்டார். கதவு மூடியது.

வெற்றிக் களிப்பில் சுரங்கப்பாதையில் பாதி தூரம் வந்த பிறகுதான், தன் சொல்லைப் படத்தில் வருபவனிடம் கொடுத்துவிட்டு வந்தது அவருக்கு உறைத்தது. திரும்பி ஓடினார். செவ்வாயில் எடை குறைவு, அறுபத்தெட்டு வயதிலும் ஓடலாம். ஆனால் கப்பலுக்கும் அங்கே எடை குறைவுதான்.

மறு ஆண்டு அந்தப் படச்சுருள் ஒருவழியாகக் கெட்டுப்போனது. விழாக்குழு தேடித் துழாவி, கப்பல்துறைக் காவல் கேமராவில் பதிவான காட்சியைக் கண்டெடுத்தது. திரையில் எரியும் விளக்கைப் பார்ப்பது மரியாதைக் குறைவாகாது என்றும் தீர்ப்பளித்தது. ஆவுடையப்பனிடம் அனுமதி கேட்டார்கள். டீச்சரின் முகத்தை இன்னொரு முறை பார்க்கலாமே என்று தலையாட்டிவிட்டார்.

முன்வரிசையில் உட்கார்ந்து, முதன்முறையாக டீச்சரின் முகத்துக்குக் கீழே பார்த்தார். நீலம். பெட்டியைக் கீழே வைத்ததிலிருந்து கதவு மூடும்வரை நீலம்.

படம் முடிந்ததும் வழக்கம்போல ஊர் இரண்டானது. பின்வரிசையில் ஓர் இளைஞன் குரலை உயர்த்தினான்: "ரெண்டு வெளக்கும் அந்தப் போடு போடுது. வாயத் தொறந்து சொன்னா என்னவாம் அந்த ஆளுக்கு?"

ஆவுடையப்பன் எழுந்து திரும்பினார். "சொல்லாததுதான் தம்பி அழகு," என்றார். "சொல்லிட்டா அப்புறம் படத்துல என்ன இருக்கு?"

அரங்கின் முன்பாதி முழுவதும் அவர் விளக்கின் நீல வெளிச்சம். ஊரார் அத்தனை பேரும் மிகுந்த மரியாதையோடு குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.