தயாளினிக்கு வைத்த கிளாஸ்

தயாளினியின் படத்துக்கு முன்னால் வைத்த வைன் இரண்டு விரல் குறைந்திருந்தது. கிளாஸின் விளிம்பில் உதட்டுத் தடம்.

"நீங்களே குடிச்சனீங்கள்?" என்றாள் சுவர்ணா.

"நான் தொடேல்லை." ஷிப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த வாமதேவன் படத்தைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். "அவவுக்கு விருப்பமான சாமான்தானே."

லண்டனில் இந்த நோர்பரி வீட்டுக்கு அவரது இரண்டாம் தாரமாக வாழவந்து நாலு வருடம். அந்தச் சிரிப்பு ஒருநாளும் சுவர்ணாவுக்குக் கிடைத்ததில்லை.

இன்று அவரது முதல் மனைவி தயாளினியின் திவசம். பிரான்ஸில், போர்தோவுக்குப் பக்கத்தில், முந்நூறு வருடப் பழைய தோட்டத்தில் இருவரும் ஒரு வருடம் சேர்ந்து திராட்சை வெட்டியவர்கள். அந்த வருடத்துச் சிவப்பு வைனில் ஒரு போத்தலை லண்டன்வரை கொண்டுவந்து, மாடிப்படியின் கீழ் படுக்கவைத்து, பிள்ளையைப்போல் துடைத்து வைத்திருந்தார். இன்றுதான் திறந்தார்.

அவர் போனார். நாலு மணிக்கே இருட்டியது. ஹீற்றர் முனகியது. படையல் வடையின் எண்ணெய் வாசத்தை மெல்ல அமுக்கிக்கொண்டு நனைந்த மண்ணும் கனிந்த பழமும் பழைய மரப்பீப்பாயுமாக ஒரு வாசம் கிளாஸிலிருந்து எழுந்து, திரைச்சீலைகளில் ஏறி, அவளுடைய தலைமயிருக்குள்ளும் புகுந்தது.

படத்தில் கொடிகளுக்கு நடுவே தயாளினி. இடது சுட்டுவிரலில், கத்தரிக்கோல் வெட்டிய காயத்துக்குச் சுற்றிய துணி.

"செத்தும் அவரை விடமாட்டியள் என்ன?" சுவர்ணா கிளாஸை எடுத்தாள். "இனி உங்களுக்கு ஒரு சொட்டும் இல்லை, அக்கா."

குடித்தாள். பிறகு போத்தலையும் கவிழ்த்துக் குடித்து முடித்தாள்.

சரக்.

மாடிப்படியின் கீழிருந்து. கத்தரிக்கோல் மூடும் சத்தம்.

சரக். நடையில்.

சரக். முதுகுக்குப் பின்னால்.

விரல் எரிந்தது. இடது சுட்டுவிரல். இரத்தம். கைக்கு அகப்பட்ட துணியைச் சுற்றினாள்.

ஷிப்ட் முடியுமுன்னமே முன்கதவு திறந்தது. வாமதேவன். சிரித்தார். அதே சிரிப்பு.

"தயா, திரும்பவும் விரலை வெட்டிப்போட்டியே?"

'நான் சுவர்ணா' என்று சொல்ல வாய் அசையவில்லை.

"ஓம், சின்னக் காயம்தான்." சொன்னவள் எதிரே நின்றாள். சுவர்ணாவின் சேலையில். சுவர்ணாவின் முகத்தோடு.

அவர் போத்தலை எடுத்தார். நிறைந்திருந்தது. ஒரே கிளாஸில் இருவரும் மாறி மாறிக் குடித்தார்கள்.

"பாவம்," என்றாள் அவள், படத்தைப் பார்த்து. "அவவுக்கும் கொஞ்சம் வையுங்கோ."

வாமதேவன் கிளாஸைக் கொண்டுவந்து படத்துக்கு முன்னால் வைத்தார். சட்டத்தின் கண்ணாடிக்கு உள்ளே, கொடிகளுக்கு நடுவே, இமைக்க முடியாத கண்களோடு சுவர்ணா அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.