உட்காரச் சொன்னது யார்

அவள் "வா" என்றாள். நாய் உட்கார்ந்தது.

வராமல் நின்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். நாய்கள் காப்பகத்திலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, பழகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் அது உட்கார்ந்த விதம் இருக்கிறதே! முதுகை நிமிர்த்தி, முன்னங்கால்களைச் சேர்த்து, பரிசு வாங்கப் போகும் பிள்ளை மாதிரி அத்தனை ஒழுங்கு. அவளைப் பார்க்கவும் இல்லை. அவளுடைய வலது தோளுக்கு மேலே எங்கோ பார்த்தது. பிறகு நாக்கைச் சுழற்றி எதையோ மென்று விழுங்கியது.

அவள் குனிந்து அதன் வாயைப் பிளந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

"துரைக்கு நான் சொன்னா மட்டும் ஏறாது, இல்ல?" என்றாள். அந்த மிடுக்கைப் பார்த்து முதல் நாளே அவள் வைத்த பெயர் அது. துரை கொட்டாவி விட்டது.

அவளுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் பிழைப்பு. பொழுது விடிந்தால் "பிரேக், பிரேக்" என்று தொண்டை கிழியக் கத்துகிறாள். பக்கத்தில் இருப்பவர்கள் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார்கள். கட்டிய கணவன் பத்து வருஷம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, கடைசியில் விவாகரத்து வாங்கிக்கொண்டு போனான். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று வீட்டு உரிமையாளரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. உலகத்தில் ஒரு ஜீவனாவது நம் சொல்லுக்கு அசையட்டும் என்றுதான் காப்பகத்துக்குப் போனாள்.

அன்று அங்கே மாற்றாளாக இருந்தவன், "நல்லா பழக்கின நாய் மேடம். ஏற்கெனவே ரெண்டு வீட்ல இருந்து திரும்பி வந்துடுச்சு. இன்னொரு தடவை வந்தா பாவம், அப்புறம் யாரும் எடுக்க மாட்டாங்க" என்றான். அதற்கு மேல் யோசிக்காமல் அவள் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

அக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை. தினமும் போனில் அதே பாட்டு. "உனக்கு எதுக்குடி இந்த வேண்டாத வேலை? உன்கிட்ட ஒரு பூச்செடியே தங்கல."

அந்தப் பேச்சு சுருக்கென்று தைத்ததனாலேயே அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இந்த நாயையும் திருப்பிக் கொடுத்தால் அக்கா சொன்னது நிஜமாகிவிடும். துரையின் கதியும் அதோடு முடிந்துவிடும்.

ஆனால் துரை கொஞ்சமாவது ஒத்துழைக்க வேண்டாமா? இரு கைகளாலும் கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு "தள்ளு, தள்ளு" என்று அவள் அலறியபோது அது மலை மாதிரி வழியில் கிடந்தது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தது. சட்டென்று எழுந்து ஒதுங்கியது. விளக்கை அணைத்துப் படுத்தால் கூடத்துத் தரையில் அதன் நகங்கள் டக் டக் டக்கென்று நடந்துபோய், நின்று, திரும்பி, மறுபடி நடந்து, தொப்பென்று உட்கார்ந்து, கொஞ்ச நேரம் எதையோ மென்று, மறுபடி எழுந்து நடக்கும் ஓசையும், கூடவே ஈரத்துணியை மூட்டையாகக் கட்டிவைத்தது போல ஒரு புளித்த நாற்றமும் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தன. துரையை நுரை பொங்கக் குளிப்பாட்டினாள். அதன் மேல் சோப்பு மணந்தது. கூடத்தில் நாற்றம் அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. காப்பகத்தில் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள்.

"மேடம், மன்னிச்சுக்கங்க. நான் ஊர்ல இல்லாதப்ப நாயைக் குடுத்துட்டாங்க. முக்கியமான விஷயத்தைச் சொல்லவே இல்லையாம். அதுக்குச் சுத்தமா காது கேக்காது. பொறந்ததுலேருந்தே."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை நாளும் ஒரு செவிட்டு நாயோடா மல்லுக்கட்டினோம்! பாவம், அதைப் போய் எப்படியெல்லாம் திட்டிவிட்டோம்!

"கை ஜாடை காட்டினா போதும். கையை நீட்டி நெஞ்சுப் பக்கமா இழுத்தா வந்துடும். தங்கமான நாய்."

"ஆனா உட்காருதே? எழுந்திருக்குதே?"

"நீங்க தெரியாம கையை அசைச்சிருப்பீங்க."

"என் ரெண்டு கையிலயும் பாத்திரம் இருந்துச்சு."

"அப்ப வீட்ல வேற யாராவது காட்டியிருப்பாங்க" என்று அந்த அம்மாள் சிரித்தாள். "யார் காட்டினா என்ன, அதுக்குக் கை தெரிஞ்சா சரி."

வீட்டில் வேறு யாரும் இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பார்வை கூடத்துக்குப் போய்விட்டது. போன் எப்போது அணைந்தது என்று தெரியவில்லை.

கூடத்தின் நடுவில் துரை உட்கார்ந்திருந்தது. அவள் வலது தோளுக்கு மேலே பார்த்தபடி.

அவள் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது. பார்வையை நாயின் மீதே வைத்துக்கொண்டு ஓரம் ஓரமாக நகர்ந்து, பக்கத்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். சுவர் சில்லென்று இருந்தது. இனிப் பின்னால் யாரும் நிற்க முடியாது.

துரையின் கண்கள் அவளோடு நகரவில்லை. அவள் விட்டுவந்த இடத்தையே பார்த்தன.

புளித்த நாற்றம். இப்போது மிக அருகில்.

அவள் கையை நீட்டி நெஞ்சுப் பக்கமாக இழுத்தாள். துரையின் காதுகள் விறைத்தன. எழுந்தது. வாலை ஆட்டிக்கொண்டு அவளை நோக்கி வந்தது. முதல் தடவையாக! அவள் கண் நிறைந்துவிட்டது. "வாடா, வாடா என் ராஜா" என்று, கேட்காது என்று தெரிந்தும் கெஞ்சினாள். இன்னும் நாலு அடி. கழுத்துப்பட்டையைப் பிடித்துவிட்டால் போதும், இரண்டு பேரும் வாசலுக்கு ஓடிவிடலாம்.

பாதியில் துரை நின்றது.

பக்கவாட்டில் பார்த்தது. அவளைப் பார்த்தது. மறுபடி பக்கவாட்டில்.

உட்கார்ந்தது.

அவள் மறுபடி கையை இழுத்தாள். மறுபடியும். ஆத்திரத்தோடு. அழுதுகொண்டே. துரை கண்ணை எடுக்கவில்லை. மெதுவாக முன்னங்கால்களை நீட்டிப் படுத்தது. மென்றது. அதன் உச்சந்தலை ரோமம் தானாகப் பிரிந்தது. ஐந்து கோடுகள். நெற்றியிலிருந்து பிடரி வரை.

வால் தரையில் டப் டப் என்று அடித்தது.

பிறகு அதன் பார்வை உயர்ந்தது. அசைந்தது. சுவரை நோக்கி வந்தது. அவள் முகத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

அவள் மூச்சு விடவில்லை.

புது நாயைப் பழக்குகிறவர்கள் அழுத்துவது போல, அவசரமே இல்லாமல், இரண்டு தோள்களிலும் ஒரு பாரம் இறங்கியது. முழங்கால்கள் மடங்கின. சுவரோடு உரசிக்கொண்டே அவள் தரையில் உட்கார்ந்தாள். ஏதோ ஒன்று உதடுகளுக்கு நடுவே நுழைந்தது. ஈரமாக. புளிப்பாக. அவள் அதை மென்றாள்.

நெற்றியிலிருந்து பின்கழுத்து வரை அவள் தலைமுடி மெல்லப் பிரிந்தது.