ஆறாம் கூடாரத்து மணல்

கூடாரத்தின் ஜிப்பைத் திறந்து கசுபா வெளியே வந்தபோது வாசல் மணல் சுத்தமாகப் பெருக்கப்பட்டிருந்தது. அதுதான் அவளை உறுத்தியது. ஜாம்பியாவின் லுவாங்குவா ஆற்றங்கரைச் சுற்றுலா முகாம்களில் மாலையில்தான் மணலைப் பெருக்குவார்கள். இரவில் எது வந்தது, எந்தப் பக்கம் போனது என்று விடிந்ததும் வழிகாட்டி தடம் பார்த்துச் சொன்ன பிறகே மறுபடி அதில் துடைப்பம் படும். ஆளில்லாத மற்ற ஐந்து கூடாரங்களின் முன்னால் நீர்யானைத் தடமும் கழுதைப்புலித் தடமும் தாராளமாகக் கிடந்தன. அவளுடைய ஆறாம் கூடாரத்தின் முன்னால் மட்டும் துடைப்பத்தின் கோடுகள், அப்போதுதான் இழுத்தவை போல.

இரவில் அவள் நடைச் சத்தம் கேட்டிருந்தாள். ஓர் அடி. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. ஆற்றில் நீர்யானைகள் உறுமி ஓய்ந்து, தவளைகள் கத்தி ஓய்ந்து, அவளுக்குக் கண் செருகும் நேரத்தில் இன்னோர் அடி. எந்த விலங்கும் அப்படி நடக்காது, ஆள்தான் நடப்பான் என்று அவள் முடிவுகட்டினாள்.

அப்படி முடிவுகட்ட அவளுக்குக் காரணம் இருந்தது. லுசாக்காவில் படித்த நாட்களில் விடுதிக் காவலாளி ஒருவன் அவள் அறை ஜன்னலில் எட்டிப் பார்த்தான். அங்கே யாருமே வரவில்லை என்று மொத்த விடுதியும் அவனுக்காகச் சத்தியம் செய்தது. அன்றிலிருந்து அவள் யாரையும் எளிதில் நம்புவதில்லை.

வெள்ளிக்கிழமை நண்பகலில் சின்ன விமானம் வந்து அவளை லுசாக்காவுக்குக் கொண்டுபோகும். அன்றிரவே அங்கிருந்து நெதர்லாந்து. நீர் ஆய்வுக்கூடம் ஒன்றில் ஓராண்டுப் பயிற்சி. மூன்று வருடம் விண்ணப்பம் போட்டு, இரண்டு முறை கைநழுவி, மூன்றாவது முறை கிடைத்தது. அங்கே யாராவது கேட்டால் ஜாம்பியாவில் பிறந்து சிங்கத்தைப் பார்த்ததில்லை என்று எப்படிச் சொல்வது? அதற்காகவே தனியாகக் கிளம்பி வந்திருந்தாள். "யானை வயலுக்குள்ள நுழைஞ்சா தகரத்தைத் தட்டிட்டு ஓடுவோம். நீ அதைத் தேடிக்கிட்டு போறியா?" என்று சொந்த ஊரான கசாமாவிலிருந்து அம்மா போனில் சிரித்தாள்.

நெருப்பருகே தொக்கோசானி பொரித்த மாவுருண்டையான விதும்புவாவைத் தேநீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். நாற்பது வயது வழிகாட்டி.

"என்ன குரங்குதின்னி, தூக்கம் வந்துச்சா?"

அவன் ங்கோனி இனம், அவள் பெம்பா இனம். இரண்டு கூட்டத்துக்கும் கேலி முறை. என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

"எலி தின்னுற பல்லைக் காட்டாதீங்க. என் வாசல்ல மட்டும் விடியுமுன்ன பெருக்குனது யாரு?"

அவன் சிரிப்பு ஒரு கணம் தாமதமாக வந்தது. "முகாமைப் பெருக்குற எனலெசியக்காவுக்கு உன்மேல தனிப் பாசம் போல."

அன்று சிங்கங்களைப் பார்த்தாள். மூன்று பெண் சிங்கங்கள் ஜீப்பின் நிழலிலேயே வந்து படுத்தன. அவளோ தொக்கோசானியின் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள், புதன்கிழமை விடியுமுன்பே வலை ஜன்னலோரம் காத்திருந்தாள். எனலெசி வந்தாள், தடித்த உடம்பு, சத்தமில்லாத நடை, கையில் நீளத் துடைப்பம். கசுபா வெளியே பாய்ந்தபோது பாதி மணல்தான் அழிந்திருந்தது. மீதியில் தடங்கள் தெரிந்தன. வெறுங்கால். ஒடுக்கமானது. ஒன்றன் முன் ஒன்றாகக் கயிற்றின் மேல் நடந்தது போல ஒரே கோட்டில், ஆற்றிலிருந்து வேலைக்காரர் குடிசைகளைத் தாண்டி, கருங்காலி மரம்வரை. விரல்கள் எல்லாம் அவள் கூடாரத்தைப் பார்த்திருந்தன.

"யாரு கால் இது?"

"உள்ள போங்க மேடம். இன்னும் விடியல."

"யாரைக் காப்பாத்துறீங்க? புருஷனையா, தம்பியையா?"

எனலெசி துடைப்பத்தை ஊன்றிக்கொண்டாள். "ஆம்பளைக் கால் மாதிரியா தெரியுது? இது ஆத்துலேந்து வர்றது மேடம். தனியாப் படுக்கிறவங்களைத்தான் தேடி வரும். புதுசா ஒரு அடி வைக்க அதுக்கு அவ்ளோ நேரம் ஆகும். பழைய தடம் கெடந்தா அதுமேல விறுவிறுனு வந்து, விட்ட எடத்துலேந்து ஆரம்பிச்சிடும். அழிச்சிட்டா முதல்லேந்து தடுமாறணும். அதான் தினம் அழிக்கிறேன்."

கதை கட்டுகிறாள் என்று கசுபாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இனிமே என் வாசல்ல துடைப்பம் பட்டுச்சு, முதலாளிக்கு எழுதிடுவேன்."

எனலெசி துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய்விட்டாள். தொக்கோசானியிடம் சொன்னபோது அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "பெருக்க விடு கசுபா. உன்னை அது தூக்கிட்டுப் போயிட்டா நான் யாரைக் கேலி பண்றது?" வேறு யாராவது சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் யோசித்திருப்பாள். கேலி முறைக்காரன் வாயிலிருந்து வந்ததால் அதையும் சிரித்துத் தள்ளினாள்.

வியாழன் காலை தடங்கள் மரத்தைத் தாண்டியிருந்தன. கூடாரத்தின் மரப்படிக்கு இரண்டு முழம் இருக்கையில் நின்றிருந்தன. காற்றில் ஆற்றடிச் சேற்றின் நாற்றம், மீன் குடலைப் புதைத்த இடம் போல.

தொக்கோசானி குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு தடமாகப் பார்த்தான். கேலி ஒன்றும் வரவில்லை. அவளுக்கு முதல் முறையாகப் பயம் வந்தது அப்போதுதான்.

"ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை மிதிச்சது," என்றான். "வரும்போது ஒண்ணு. அப்புறம் திரும்பாமலே, பின்னால நகந்து அதே குழியில ஒண்ணு. ஓரமெல்லாம் நசுங்கியிருக்கு பாரு. வந்த தடத்துலதான் அதால திரும்பிப் போக முடியும். விடியுமுன்ன போயிடுச்சு. இப்பவே பெருக்கிடலாம். ராத்திரி நீ எங்க குடிசைப் பக்கம் வந்து படு."

அவ்வளவுதான், அவளுக்குப் பயம் போய்ச் சந்தேகம் திரும்பி வந்தது. இதற்குத்தானா இத்தனை நாடகம்? கூடாரத்தை விட்டுக் கிளப்பி இவர்கள் நடுவில் கொண்டுபோய்ப் படுக்கவைக்கவா? போனை எடுத்து ஒவ்வொரு தடத்தையும் படம் பிடித்தாள். நாளை விமானத்தில் முதலாளி வருவார், அவர் பார்க்கும்வரை ஒரு தடம்கூட அழியக் கூடாது, அழிந்தால் அத்தனை பேருக்கும் வேலை போகும் என்றாள். தொக்கோசானி எழுந்து முழங்கால் மணலைத் தட்டிவிட்டுப் போனான். பொழுது சாயுமுன்பே குடிசைக் கதவுகள் எல்லாம், வயதுக்கு வந்த எனலெசியின் மகளைத் தனியாக வைத்திருந்த ஓரக் குடிசையின் கதவும், சாத்தியிருந்தன.

அன்று தவளைகள் கத்தவில்லை.

கொசுவலைக்குள் உட்கார்ந்திருந்தாள். விறுவிறுவென்று ஒரு நடை, ஆற்றிலிருந்து குடிசை, குடிசையிலிருந்து மரம், மரத்திலிருந்து வாசல். நின்றது. நெடுநேரம் ஒன்றுமில்லை. மணலில் ஓர் அடி. நெடுநேரம். இன்னோர் அடி. படியின் பலகை முனகியது. பிறகு எதுவுமே கேட்கவில்லை.

வெளிச்சம் வந்தது. வலைக் கதவு வழியே தடங்கள் தெரிந்தன. மணலைத் தாண்டி, படியில் ஈரமாக, வாசல் ஓரத்தில் கடைசி ஒன்று. கதவின் அடிப்பக்கம் ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. அவள் மூச்சை விட்டாள். விடிந்துவிட்டது, அது போயிருக்கும், இன்னும் ஆறு மணி நேரத்தில் விமானம். கட்டி வைத்த பெட்டி கதவோரம் இருந்தது, பாஸ்போர்ட் அதன்மேல் இருந்தது.

தொக்கோசானியும் எனலெசியும் வந்தார்கள். அவன் தள்ளி நின்றே குந்திப் பார்த்தான்.

"போயிடுச்சுதானே?" என்று படுக்கையிலிருந்தே கேட்டாள்.

அவன் விரல் நீட்டித் தடங்களை எண்ணினான். "மணல்ல கடைசி ரெண்டு தடத்துல ஓரம் நசுங்கல. ஒரு தடவைதான் மிதிச்சிருக்கு."

கூடாரத்துக்குள் தரை கெட்டித் துணி. அதில் தடம் பதியாது. எங்கே நிற்கிறது என்று தெரியாது. கதவுக்கும் கட்டிலுக்கும் இடையில் ஐந்து அடி. அவளால் காலை அசைக்க முடியவில்லை.

எனலெசி துடைப்பத்தை எடுத்தாள்.

"அக்கா, வேணாம். அழிச்சிடாதீங்க. அது திரும்பிப் போக அந்த வழி வேணும்."

"தெரியும் மேடம்." எனலெசி நிமிரவில்லை. "இன்னையோட சீசன் முடியுது. அது திரும்பிப் போனா, இனிமே இந்தக் கரையில தனியாப் படுக்கிறவ எம் பொண்ணு ஒருத்திதான்."

தொக்கோசானி இரண்டடி பின்னால் நகர்ந்து வழி விட்டான்.

துடைப்பம் படியில் ஆரம்பித்தது. பிறகு வாசல். பிறகு மரம். ஒரே சீராக, அவசரமில்லாமல், ஆற்றை நோக்கி.

கட்டிலின் கால்மாட்டில் கொசுவலை உள்நோக்கிக் குழிந்தது. காற்றில்லை. குழி அப்படியே நின்றது.

நெடுநேரம் ஒன்றுமில்லை.

பிறகு அவள் முழங்காலுக்கு நேராக இன்னொரு குழி விழுந்தது.