பதினேழாம் காற்றாலையின் பூட்டு

ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்த அந்தச் சாயங்காலம், புன்னைக்காயலுக்குத் தெற்கே எல்லாக் காற்றாலைகளும் சுற்ற, பதினேழாவது மட்டும் அசையாமல் நின்றது. அலுவலகத் திரையில் அதை முதலில் கவனித்தவள் ஜெயஷீலா. போன ஆடியில் அதன் உச்சியில்தான் அவள் கணவன் கிங்ஸ்டன் செத்தான். அவன் உயிருக்கு ஈடாகக் கம்பெனி கொடுத்த வேலைதான் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி.

அங்கேயே மெக்கானிக்காக இருந்த தம்பி பெர்சியின் பைக்கில் ஏறிப் போனாள். கோபுரத்தடி சுவிட்சுப் பெட்டியில் ஒரு சிவப்புப் பூட்டு தொங்கியது. மேலே ஏறுகிறவன் சுவிட்சை அணைத்து, தன் பெயர் எழுதிய பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு ஏறுவான். இறங்கி வந்து அவனே திறந்தால்தான் இறக்கை சுற்றலாம். போன ஆடியில் அன்றைக்கு, கிங்ஸ்டன் இறங்கிவிட்டான், பூட்டை மறந்துவிட்டான் என்று நினைத்து யாரோ அதை அறுத்து இறக்கையைச் சுற்றவிட்டார்கள். நாட்டுக்குச் சுத்தமான மின்சாரம் அத்தனை அவசரமாக வேண்டியிருந்தது.

இந்தப் பூட்டிலும் கிங்ஸ்டன் என்றிருந்தது. அவன் கையெழுத்தேதான். அறுபட்ட பூட்டையும் சாவியையும் சவப்பெட்டிக்குள் அவன் நெஞ்சின்மேல் வைத்தவளே அவள்தான். இப்போது பூட்டு முழுசாக இருந்தது. சாவித் துவாரத்தில் கல்லறைத் தோட்டத்துச் செம்மண் அப்பியிருந்தது.

"எவனோ வெளையாடுதான்க்கா," என்றான் பெர்சி.

உப்புக்காற்றின் இரைச்சலுக்கும் கிரீஸ் வாடைக்கும் நடுவே, கோபுரத்தின் வயிற்றுக்குள் வெகு உயரத்தில், இரும்பேணியில் ஒவ்வொரு படியாகக் கால் வைத்து, நடுவில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரோ இறங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செருமலோடு ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியவள் அவள். பயமாகத்தான் இருந்தது. ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

"ஏலே, அவிய இறங்கி வாராவ."

"காத்துச் சத்தம்க்கா. ஆபீஸ்ல வையுதாவ, தள்ளு."

"கொஞ்சம் பொறுல. அன்னைக்குத் தொறக்க முடியாமப் போன பூட்டு. அவியளே வந்து தொறக்கட்டும். தொறந்துட்டு நிம்மதியாப் போவட்டும்."

பெர்சி அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்தான். அவனுக்கும் கேட்டிருக்கிறது. அந்தப் பயத்திலேயே அவளைத் தள்ளிவிட்டு, பைக்கிலிருந்த கட்டரை எடுத்துப் பூட்டில் வைத்து அழுத்தினான். பூட்டு அறுந்து கோபுரக் கதவின் அடியில் விழுந்தது. சுவிட்சைப் போட்டான்.

மேலே இறக்கை முனகியது. அசைந்தது.

காலடி நிற்கவில்லை. இன்னும் ஒரு படி. இன்னும் ஒன்று. தரை.

கதவின் அடி இடுக்கில் ஒரு சாவி வெளியே வந்தது. பிறகு அதைப் பிடித்த விரல்கள். அவள் போட்ட கல்யாண மோதிரம். விரல்கள் மண்ணைத் தடவின. அறுந்த பூட்டைக் கண்டுபிடித்தன. சாவியை நுழைத்துத் திருகின. மறுபடி திருகின. அறுந்த பூட்டில் திறக்க ஒன்றும் மிச்சமில்லை.

ஜெயஷீலா மண்ணில் விழுந்து அந்தக் கையைப் பிடித்தாள். சில்லென்றிருந்தது. "போவாதிய," என்றாள்.

விரல்கள் அவள் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்துவிட்டு, மெதுவாக உள்ளே போயின.

செருமல். ஏணியின் முதல் படி. இரண்டாவது. காலடிகள் மேலே ஏறத் தொடங்கின.

உச்சியில் இறக்கைகள் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன.