கைராசிக்காரர்

வலது கையுறை இறுக்கிப் பிடித்தது. பதினைந்து வருடமாக அதே அளவுதான். இன்றைக்கு மட்டும் விரல்களுக்கு இடம் போதவில்லை. கட்டைவிரலடியில், சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு எப்போதும் உறையில் உரசும். இன்று உரசவில்லை. கை வீங்கியிருக்கும் என்று டாக்டர் அதை விட்டுவிட்டாள்.

மேஜையில் கிடந்தவர் அவளோடு ஒன்றாகப் படித்தவர், பக்கத்து அறை டாக்டர். ஆஸ்பத்திரியே அவரைக் கைராசிக்காரர் என்றுதான் சொல்லும். அவளிடம் வரும் நோயாளிகள்கூட, "அந்த சார் இல்லையா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்பார்கள். சிரித்துச் சமாளித்துவிட்டு, வயிறு எரிய வீட்டுக்குப் போவாள். அந்தக் கை எனக்கு இருந்தால் என்று எத்தனை முறை நினைத்திருப்பாள்!

இன்று காலை வார்டில் அவருக்குப் பேச்சு குழறி, வலது கை துவண்டு விழுந்தது. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்கட்டி.

குளிர்சாதனத்தின் ஊதல், மருந்து நெடி, எக்ஸ்ரே கதிருக்காகப் போட்ட ஈயக் கவசத்துக்குள் முதுகில் இறங்கும் வியர்வை, தொடை வழியாக மூளைவரை போயிருந்த மெல்லிய கம்பியின் நுனி திரையில் நடுங்குவது, எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது. மூன்று முறை கட்டியை இழுத்தெடுத்தாள். மூன்று முறையும் ரத்தக்குழாய் திறந்து, ஐந்தே நிமிடத்தில் திரும்ப அடைத்துக்கொண்டது.

"குழாயே சுருங்கியிருக்கு மேடம்," என்றார் டெக்னீஷியன். "பலூன் விட்டு விரிச்சு, ஸ்டென்ட் வெச்சுடலாமா? நம்ம சார் செஞ்சிருந்தா வெச்சிருப்பாரு."

படுக்கையில் விழுந்த பிறகும் அவர் புராணமா!

"கிழிஞ்சா மூளைக்குள்ள ரத்தம் போயிடும்," என்றாள். உண்மைதான். இத்தோடு நிறுத்தினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். உயிர் தப்பினாலும் அந்தக் கை போய்விடும். நினைத்ததும் உள்ளுக்குள் இனித்தது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் இனித்தது. கடிகாரத்தைப் பார்த்தபடி நாலு நிமிடம் நின்றாள்.

சிகிச்சைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடும்போது அவர் மனைவி சொன்னது காதில் கேட்டது. "உங்களத்தான் நம்பியிருக்கேன் அக்கா. கைவிட்டுடாதீங்க."

"பலூன் குடுங்க."

கம்பி வழுக்கிக்கொண்டு போனது. நடுக்கம் இல்லை. பலூன் விரிந்தது. ஸ்டென்ட் தன் இடத்தில் உட்கார்ந்தது. இது யாருடைய லாவகம் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்தில் நின்று எத்தனை நாள் வயிறெரிந்து பார்த்தது! கையுறைக்குள் விரல்கள் நீண்டிருந்தன.

பத்து நிமிடம். அடைக்கவில்லை.

"தெறந்துடுச்சு மேடம்! இனிமே நீங்கதான் கைராசிக்காரங்க!"

சிரிக்கப் போனாள். வலது கை துவண்டு விழுந்தது. கனத்தது. இடது கையால் தொட்டாள். தொட்டது தெரியவில்லை.

கையுறையை இழுத்துக் கழற்றினாள்.

அகன்ற கை. முடி அடர்ந்த கை. மோதிரம் அழுத்திய தடம்.

அலற வாய் திறந்தாள். சொல் வரவில்லை.

டெக்னீஷியன் மேஜைமேல் குனிந்திருந்தார். "சார், வலது கையத் தூக்குங்க பாப்போம்."

பச்சைத் துணிக்கடியிலிருந்து கை எழுந்தது. சின்னக் கை. கட்டைவிரலடியில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு.

அது அவள் பக்கம் திரும்பி, விரல்களை மெல்ல மடக்கி, விரித்துப் பார்த்தது.