பொறாமைப்படாத பூதங்கள்

காலையில் கண் விழித்ததும் செந்தூரன் செய்கிற முதல் காரியம் குறை சொல்வது. பல் துலக்குவதெல்லாம் அதற்குப் பிறகுதான். படுக்கையில் உட்கார்ந்தபடியே கைத்திரையை விரிப்பார். நாலைந்து வரி எழுதுவார். அடியில் ‘இவண், பொதுநலன்’ என்று புனைபெயரைப் போட்டு வலது கட்டைவிரலை அழுத்துவார். விரலுக்குக் கீழே ஒரு சிவப்பு வட்டம் சுழன்று அணையும். அன்றைக்கான குறை தீர்ந்தது.

“ஏனுங்க, விரல் வெச்சாச்சா?” என்றாள் தாரிகா, சமையலறையிலிருந்து.

“ம்.”

“லிஃப்டுக்குத்தானுங்களே?”

“பொதுக் காரியத்துக்கு.”

“என்ன பொதுக் காரியமோ. எட்டு மாடி ஏறி எறங்கி என் முட்டி தேஞ்சு போச்சு. ஒரே நாள்ல இருபது விரல் சேர்ந்தாத்தான் லிஃப்டுக்கு ஆள் வருமாமா. நம்மூட்ல ரெண்டு விரல் இருக்குது, ஒண்ணு தெனமும் எங்க போகுதுன்னே தெரியறதில்ல.”

செந்தூரன் குளியலறைக்குப் போனார். கோயம்புத்தூரில் அந்தக் காலத்துக் கணவன்மார்கள் எதையெதையோ மறைத்தார்கள். இந்தக் காலத்தில் மறைப்பதற்கு மிஞ்சியிருந்தது குறை ஒன்றுதான்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு குறை என்ற சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. அதற்கு முன்னால் மனிதர்களுக்குப் பதிலாக அவர்களுடைய கணினி முகவர் நிரல்கள் குறை சொல்லிக்கொண்டிருந்தன. தெருவிளக்கு கொஞ்சம் மங்கினால் போதும், விடிவதற்குள் நாற்பது லட்சம் புகார்கள் வந்து குவியும். அவற்றுக்குப் பதில் எழுதியதும் நிரல்கள்தான். நிரலும் நிரலும் மாறி மாறிக் கடிதம் எழுதிக்கொள்ள, விளக்கு மங்கியபடியே இருந்தது. கடைசியில் முறையீட்டு ஆணையம் அமைத்தார்கள். உயிருள்ள கட்டைவிரல் வைத்தால்தான் குறை. ஒரு நாளைக்கு ஒன்றுதான். இன்று சொல்லாததை நாளைக்குச் சேர்த்துச் சொல்ல முடியாது. மனசாரச் சொல்லாமல் பொய்க்குறை சொன்னால், விரலின் துடிப்பை வைத்தே கண்டுபிடித்து ஒரு மாதம் முடக்கிவிடுவார்கள். ஆனால் விரல் வைத்த குறைக்கு யாராக இருந்தாலும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பாராட்டுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும், எந்த எந்திரம் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் பாராட்டலாம். அதனால் பாராட்டு தெருவில் கிடந்தது. அள்ளத்தான் ஆளில்லை.

செந்தூரன் அள்ளினார். அவர் சாதாரண ஆள் அல்ல. கோவை மண்டல ரசிகப் பூதவளர்ப்போர் பேரவை வழங்கிய ‘பூதவியல் செம்மல்’ பட்டம் பெற்றவர். திரையில் வளர்க்கும் கையடக்கப் பூதங்களைத் தயாரித்த பழைய நிறுவனம் மூடப்பட்டபோது, அந்தப் பூதங்கள்மேல் ஆசை விடாத ரசிகர்கள் தாங்களே விளையாட்டுகளை எழுதத் தொடங்கினார்கள். முட்டையை எடுத்து அடைகாத்து, சோறு ஊட்டி, குளிப்பாட்டி, சண்டை பழக்கி வளர்க்கும் விளையாட்டுகள். அவற்றில் முன்னோடி செந்தூரனின் ‘பூதாயணம்’. அதன் கருத்துப்பெட்டியில் ‘அருமை’ மட்டும் மூன்று லட்சத்தைத் தாண்டியிருந்தது. ‘சிறப்பு’, ‘மிகச் சிறப்பு’ தனி. குறை மட்டும் சில வருடங்களாக ஒன்றுகூட இல்லை.

இன்னொரு ரசிகையான ரிஸ்வானா எழுதிய ‘சட்டிப் பூத’த்துக்கோ தினமும் ஆயிரக்கணக்கில் குறை வந்தது.

பெயரைப் பாருங்கள், சட்டிப் பூதம்! ஒரு மண்சட்டி. அதற்குள் தொப்பையோடு ஒரு பூதம். தயிர்சாதம் வைத்தால் தின்னும், ரசம்சாதம் வைத்தால் தள்ளிவிடும். இதிகாசம் கிடையாது, தத்துவம் கிடையாது. இதற்குப் போய் ஜனங்கள் சாக்கடையை விட்டுவிட்டு, குடிதண்ணீரை விட்டுவிட்டு, தங்களுடைய அன்றைய ஒரே விரலைச் செலவு செய்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் செந்தூரனுக்கு அடிவயிற்றில் மிளகாய் அரைத்தது.

அதனால்தான் பொதுநலன் பிறந்தார். சட்டிப் பூதத்தைக் கிழித்துத் தொங்கவிடுவது ஒன்றே அவருடைய பிறவிப்பயன். ‘ஏப்பம் விட்ட பின்னர்ப் பூதத்தின் தொப்பை உடனே சுருங்குகிறது. உண்டவன் வயிறு அவ்விதம் சுருங்காது. இவண்’ என்று எழுதுவார். மறுநாள் தொப்பை மெல்லச் சுருங்கும். ‘மாத்திட்டேனுங்க, ரொம்ப நன்றி’ என்று ரிஸ்வானாவின் பதில் வரும். ‘மழைநாளில் சட்டியின் ஓரம் ஏன் ஈரமாவதில்லை?’ என்பார். அடுத்த பதிப்பில் ஈரம் கசியும், பூதம் தும்மும், தும்மலைப் பார்த்து இன்னும் நூறு பேர் சேருவார்கள். அவர் எறிந்த ஒவ்வொரு கல்லையும் அந்தப் பெண் படிக்கட்டில் பதித்துக்கொண்டு மேலே போனாள். வயிறு எரிய எரிய அவர் இன்னும் உன்னிப்பாகக் கல் தேடினார். தேடுவதற்குத் தோதாக ஒரு சட்டிப் பூதத்தை வளர்த்துக்கொண்டிருந்தார். வேளை தவறாமல் அதற்குச் சோறு வைத்தார். எல்லாம் வேவு பார்க்கத்தான்.

இந்தச் சமயத்தில்தான் விளையாட்டுகளைச் சேமித்து வைக்கும் அரசு வழங்கியிலிருந்து அறிவிப்பு வந்தது. ரசிகப் படைப்புகளுக்கு வழங்கியில் இடம் இலவசம். ஆனால் ஓராண்டாக ஒரு மனிதக் குறைகூட வராத படைப்பை ஆளற்றதாகக் கருதி அழித்துவிடுவது விதி. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் ஒரு குறையாவது வராவிட்டால் பூதாயணம், அதிலுள்ள அத்தனை பூதங்களோடும் அழிக்கப்படும். தன் படைப்புக்குத் தானே விரல் வைக்கக் கூடாது.

செந்தூரன் பேரவைத் தலைவர் அமுதவேந்தனைக் கூப்பிட்டார்.

“ஐயா, பூதாயணத்துல ஏதாச்சும் ஒரு குறை… சின்னதா…”

“என்னங்க செம்மல் இப்படிக் கேட்டுப்போட்டீங்க! நிலவுல களங்கம் இருக்குதுங்க, உங்க பூதாயணத்துல ஏதுங்க களங்கம்?”

“கடைசியா எப்பங்க வெளையாடினீங்க?”

“பொய்க்குறைக்கு ஒரு மாசம் விரல் முடக்கமுங்க. உங்களுக்குத் தெரியாததா? வாழ்க, வளர்க!”

தாரிகாவிடம் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. ஆனாலும் கேட்டார்.

“குறையா? நெறய இருக்குதே. நாங்கூட ஒண்ணு வளர்த்தேன், செம்பூதம்னு. பத்து நாள் திரும்பியே பாக்காம விட்டுட்டுப் போனாலும் ஈஈன்னு இளிச்சுக்கிட்டு நிக்குது. எனக்கு என்னமோ பொணத்தப் பாக்கற மாதிரி இருந்துச்சு.”

“அது குறை இல்ல தாரிகா. அது நிபந்தனையற்ற பேரன்பு. அதாவது, பூதவியல் நோக்கில பாத்தா…”

“பாத்தீங்களா, இதுக்குத்தான் யாரும் சொல்றதில்ல. குறை சொன்னா பாடம் நடத்தறீங்க. என் விரல் லிஃப்டுக்கு.”

ஞாயிறு மாலை பேரவையின் ஆண்டு விழா. அந்த ஆண்டின் மிகுகுறை விருது ரிஸ்வானாவுக்கு. செந்தூரன் முன்வரிசையில் உட்கார்ந்து, கைதட்டுவதுபோல் கைகளைச் சத்தமில்லாமல் சேர்த்துச் சேர்த்துப் பிரித்தார்.

ரிஸ்வானா மேடையில் அதிகம் பேசவில்லை. “இந்தப் பரிசு எனக்கில்லீங்க. பொதுநலன்னு ஒருத்தர் இருக்காரு. ரெண்டு வருசமா ஒரு நாள் தவறாம எனக்கே விரல் வெக்கறாரு. அவரு சொன்னதச் சொன்னபடி செஞ்சேன், அவ்ளோதான். சட்டிப் பூதத்துல உசுரு இருக்குதுன்னா அது அவரு குடுத்தது. இந்தக் கூட்டத்துல இருந்தா மேல வாங்க. இந்தப் பொன்னாடை அவருக்குத்தான்.”

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. செந்தூரனுக்குத் தன் வாழ்நாளில் அப்படியொரு கைதட்டல் கிடைத்ததில்லை. இப்போது கிடைப்பதும் அவருக்கல்ல, பொதுநலனுக்கு. யாரந்தப் பயல் என்று ஒரு கணம் பற்றிக்கொண்டு வந்தது. உலகத்திலேயே தன் புனைபெயரைப் பார்த்து வயிறெரிந்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். எழுந்துவிடலாமா? எழுந்தால் பொன்னாடை. ஆனால் பரம எதிரிக்குப் படியமைத்த கொத்தனார் என்று ஊர் அறிந்துவிடும். முழங்கால் பாதி நிமிர்ந்து, மறுபடி மடங்கியது.

அதற்குள் மேடையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அமுதவேந்தன் எழுந்து, தலையைக் குனிந்து, கைகூப்பினார்.

“தன்னடக்கத்தால் இதுவரை சொல்லாமல் இருந்தேன்” என்றார்.

பொன்னாடை அவர் தோளில் ஏறியது. ரிஸ்வானா சிரித்த முகமாகப் போர்த்திவிட்டு, மேடையை விட்டு இறங்கி வந்து செந்தூரனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஏங்ணா எந்திரிக்கல?”

“எதுக்கும்மா நான்…”

“குறை எழுதறப்பக்கூட ‘இவண்’ போடற ஆளு இந்த ஊர்ல ஒருத்தருதாங்ணா.”

செந்தூரன் மேடையையே பார்த்தார். அமுதவேந்தன் ஏற்புரையில் தொப்பை சுருங்குவதைப் பற்றி உருகிக்கொண்டிருந்தார்.

“கோவத்துலதான எழுதுனீங்க?” என்றாள் ரிஸ்வானா.

“ஆமா.”

“கோவத்துலயா மூணு வேளையும் சோறு வெச்சீங்க?”

செந்தூரன் கைத்திரையை மடித்துச் சட்டைப்பைக்குள் தள்ளினார்.

“இன்னிக்கு எனக்கு விரல் பாக்கி இருக்குதுங்ணா. உங்களுக்குத்தான் வெச்சிருக்கேன். பழைய குறைதான். காலேஜ் படிக்கறப்ப பூதாயணத்துல ரெண்டு பூதம் வளர்த்தேன். ஒண்ணுக்குச் சோறு ஊட்டறப்ப இன்னொண்ணு சிரிச்சிட்டே நின்னுச்சு. பொறாமையே வரல. அப்ப நான் யாருக்கு ஊட்டுனா அதுக்கென்ன? நான் இருந்தா என்ன, போனா என்ன? அதத்தான் எழுதினேன். நீங்க பதினாலு பத்தி பதில் எழுதுனீங்க. ‘பூதாயணத்துப் பூதங்கள் பொறாமை என்னும் சிறுமையைக் கடந்தவை’ன்னு. அன்னிக்குத்தான் நானே ஒண்ணு செய்யலாம்னு உக்காந்தேன்.”

“அது வந்தும்மா, அடிப்படைக் கோட்பாடே…”

“அண்ணா.” கைத்திரைக்கு மேல் அவள் கட்டைவிரல் நின்றது. “பதினாலு பத்தி எழுத மாட்டேன், சரிபண்றேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ஆறு ஆகப்போகுது.”

செந்தூரனின் தொண்டைக்குள் பதினாலு பத்தியும் முட்டி மோதின. முதல் பத்தி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவர் இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அதை விழுங்கினார்.

“சரிபண்றேன்.”

சிவப்பு வட்டம் சுழன்று அணைந்தது. பூதாயணம் பிழைத்தது.

மறுநாளே வேலையைத் தொடங்கினார். பொறாமையை எப்படி நிரலாக்குவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் துறையில் அவருக்கு இணையான அறிஞர் மண்டலத்திலேயே கிடையாது. பொறாமை கொண்ட பூதம் கத்தாது. முதலில் ஓரக்கண்ணால் பார்க்கும். பிறகு பார்க்காததுபோல் வேறு பக்கம் பார்க்கும். அடுத்தவனுக்கு வைத்த சோற்றின் அளவு அதற்குத் துல்லியமாகத் தெரியும். தனக்கு வைத்த சோறு பசித்தாலும் இறங்காது. எல்லாவற்றையும் தன் நெஞ்சிலிருந்து பார்த்து எழுதினார். அந்த வாரம் மேசையில் காபி வந்ததா, டப்பாவில் இருந்ததைத் தின்றாரா, பக்கத்தில் யாராவது பேசினார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. பூதாயணத்தின் புதிய பதிப்பு வெளியானது.

முதலில் தன் பூதத்தைத் திறந்தார். ஆதிபூதம், அவர் பெற்ற முதல் பூதம். இரண்டு வருடமாக அதைத் தொட்டதில்லை. கூப்பிட்டார். அது அவருடைய கையை மோந்து பார்த்தது. அதே கைத்திரையில் சட்டிப் பூதத்தின் வாடை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. தயிர்சாதம் வைத்தார். அசையவில்லை. அதன் முதுகைப் பார்த்தபோது, பதினோரு வருடத்தில் முதல்முறையாக அது உயிரோடு இருப்பதுபோல் அவருக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தடுத்த நாட்களில் குறைப்பெட்டி நிரம்பி வழிந்தது. ‘என் பூதத்த என்னய்யா பண்ணுனீங்க? சாப்பிடவே மாட்டேங்குது.’ ‘தம்பி பூதத்தக் கொஞ்சினேன், என்னுது மூணு நாளா பேசல.’ ‘சமாதானம் பண்றதுக்கு ஒரு பொத்தானாவது வெச்சிருக்கலாமில்ல?’ ஒவ்வொன்றின் அடியிலும் உயிருள்ள கட்டைவிரல். செந்தூரன் பழக்கதோஷத்தில் ‘இது குறை அன்று’ என்று தொடங்கினார். அழித்தார். ‘பாக்கறேனுங்க’ என்று எழுதினார்.

ஒரு நாள் சாயங்காலம் தாரிகா இரண்டு கையிலும் காய்கறிப் பைகளோடு மூச்சிரைக்க உள்ளே வந்து சோபாவில் சரிந்தாள்.

“லிஃப்டுக்கு இன்னிக்கு இருபது விரல் சேத்தறதாப் பேசி வெச்சிருந்தோம். ஒண்ணு தேறல. கேட்டா ஒட்டுமொத்த அபார்ட்மெண்டும் உங்க பூதாயணத்துக்கு விரல் வெச்சுப்போட்டாங்களாமா.”

செந்தூரனுக்குப் பெருமை பொங்கியது. “நெசமாவா? பதினாறு வீடுமா?”

“நானுந்தான்.”

“நீயா!” பெட்டியைப் புரட்டினார். ஆயிரம் குறைகளைத் தள்ளித் தள்ளி, மனைவியின் பெயரில் இருந்ததைத் தேடி எடுத்தார். மூன்றே வரி.

‘ரெண்டு நாள் பொள்ளாச்சிக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தா செம்பூதம் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. எங்க வீட்டுக்காரரு ஒரு நாளும் அப்படித் திருப்பினதில்ல, அவரையும் கொஞ்சம் சரிபண்ண முடியுமா?’

சட்டப்படி பதில் சொல்லியாக வேண்டும். செந்தூரன் ஒரு முறை படித்தார். மறுபடி படித்தார். பிறகு தலையை நிமிர்த்தி, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேட்டார்.

“பொள்ளாச்சிக்கா? எப்பப் போனே?”

தாரிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.